பார்டர் சுகருக்கு எங்கே போவது: பிஹெச்சியா, ஊர் டாக்டரா, கோயமுத்தூரா?

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல், எண்ணெய் மில்லிலிருந்தும் தறிப்பட்டறையிலிருந்தும் ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில், வாரத்துக்கு நான்கைந்து பேராவது நான்காக மடித்த லேப் சீட்டை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். "ஏனுங்ணா, இது சுகருங்களா, இல்லீங்களா?"

சீட்டில் 112, 118 என்று ஏதாவது இருக்கும். வெறும் வயிற்றில் 126 வந்தால் சுகர். 100-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. நடுவில் நிற்பதைத்தான் நாம் பார்டர் என்கிறோம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140 முதல் 199 வரை பார்டர், 200 வந்தால் சுகர். மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி-யில் 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5 தொட்டால் சுகர். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி நாட்டில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடி. சுகர்காரர்களைவிட வாசலில் நிற்பவர்கள்தான் அதிகம்.

இது பார்டர் என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அப்பொ எங்கீங்ணா காட்டறது?" நான் டாக்டர் இல்லை. ஆனால் பதினெட்டு வருடமாக இந்த மேஜைக்குப் பின்னால் நின்று, யார் எங்கே போனார்கள், இரண்டு வருடம் கழித்து எப்படித் திரும்பி வந்தார்கள் என்று பார்த்திருக்கிறேன். அதை வைத்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

நம் பக்கத்தில் டாக்டரைக் கைராசி பார்த்துத்தான் தேர்ந்தெடுப்போம். காய்ச்சலுக்கு அது சரி. பார்டர் சுகருக்குச் சரிவராது. ஏன் என்று சொல்ல ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. 531 பேர், எல்லோருமே குளுக்கோஸ் குடித்த பிறகு சர்க்கரை ஏறிய பார்டர்காரர்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட கூட்டத்தில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துவிட்டது. சாப்பாடு, நடை இரண்டையும் மாற்றச் சொல்லித் தொடர்ந்து கவனித்த கூட்டத்தில் 39 சதவீதம். அதாவது ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இதில் என்னை உட்காரவைத்த விஷயம் வேறு: அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை குறையாமலே பலன் கிடைத்திருக்கிறது. பெரிய டாக்டரோ விலை கூடிய மருந்தோ இதைச் செய்யவில்லை. மாதா மாதம் யாரோ கூப்பிட்டு, நடந்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில் வேலைக்குப் போகும் 537 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் போனில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் செய்தி வந்த பிரிவில் 18 சதவீதம் பேருக்குச் சுகர். வராத பிரிவில் 27. வெறும் குறுஞ்செய்தி!

ஆக, என் முதல் அளவுகோல் இதுதான்: ஆறாவது மாதத்தில் உங்களைக் கேட்க அங்கே யார் இருப்பார்கள்? முதல் மாதம் எல்லோருமே நன்றாகத்தான் பார்ப்பார்கள்.

மற்றவை அதற்குப் பிறகு: சரியான சோதனை நடக்குமா, பேச நேரம் கிடைக்குமா, ஒரு தடவை போய்வர எத்தனை ஷிப்ட் போகும். கடைசியில் சொன்னதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் மீட்டர் கணக்கில் தறி ஓட்டுபவருக்கும் இலவச வைத்தியமும் அரை நாள் கூலி ஆகும். சனிக்கிழமை சம்பளக் கவரில் அது தெரியும்.

| | போய்வர | சோதனை | பேசும் நேரம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) | காலையில் அரை நாள் | இலவசம் | நர்ஸிடம் கிடைக்கும் | அரை ஷிப்ட் கூலி |
| ஊர் டாக்டர் | சாயங்காலம் ஒரு மணி நேரம் | வெளி லேப், காசு | மூன்று நிமிடம் | பதிவு இருக்காது |
| கோயமுத்தூர் | முழு நாள், துணைக்கு ஒருவர் | எல்லாம் ஒரே இடத்தில் | அரை மணி வரை | இரண்டாம் தடவை போகாமல் விடுவது |
| வீட்டிலேயே | இல்லை | விரல் குத்தும் மிஷின் | யூடியூபில் வேண்டுமளவு | பொய் நிம்மதி |

## ஆரம்ப சுகாதார நிலையம்

வயசானவர்கள் இன்னும் தர்மாஸ்பத்திரி என்கிறார்கள். இளசுகள் பிஹெச்சி. 'அங்க போனா என்ன பாப்பாங்க' என்ற பேச்சு நம் ஊரில் நிறைய. கொஞ்சம் வசதி வந்தவர்களுக்கு அங்கே வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல், அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பார்டருக்கு உண்மையிலேயே தேவைப்படும் சோதனை அங்கே பழகிப்போன ஒன்று. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பது. தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை செய்கிறார்கள், டாக்டர் வீ. சேஷையா போன்றவர்கள் வலியுறுத்தி வந்தது. அதனால் குளுக்கோஸ் பொட்டலமும் நேரம் குறித்து வைக்கும் நர்ஸும் அங்கே இருப்பார்கள். தனியார் லேப்பில் இந்தச் சோதனையைக் கேட்டால் பல இடங்களில் 'டிபன் சாப்பிட்டு ரண்டு மணி நேரம் கழிச்சு வாங்க' என்பார்கள். இரண்டு இட்லி சாப்பிட்டவருக்கும் ஐந்து பூரி சாப்பிட்டவருக்கும் ஒரே கணக்கா?

இரண்டு மணி நேரச் சோதனைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? சென்னையில் 578 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான டி-கிளிப் ஆய்வு பதில் சொல்கிறது. நான்கு மாதம் வகுப்பு, அதற்குப் பிறகும் ஆபத்து குறையாதவர்களுக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை என்று படிப்படியாகப் போனதில் மொத்தத்தில் ஆபத்து 32 சதவீதம் குறைந்தது. பிரித்துப் பார்த்தால், குளுக்கோஸ் குடித்த பிறகு ஏறுபவர்களுக்கு நல்ல பலன். வெறும் வயிற்றில் மட்டும் கூடியிருப்பவர்களுக்கு 12 சதவீதம்தான். நீங்கள் எந்த வகைப் பார்டர் என்பது வெறும் வயிற்றுச் சீட்டில் தெரியாது.

தொடர்ந்து கவனிக்கும் விஷயத்தில் அரசு ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய பலமும் ஒரு இடைவெளியும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொண்டுவருபவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். 'மாத்திரை முழுங்கினீங்களா அத்தை' என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்பவரிடம் பொய் சொல்வது கஷ்டம். ஆனால் அது சுகர் உறுதியானவர்களுக்கான ஏற்பாடு. பார்டர்காரருக்கு மாத்திரை கிடையாது, ஆகவே வீடு தேடி ஆளும் வராது. நீங்களாகத்தான் திரும்பிப் போக வேண்டும்.

அதற்கு நான் சொல்லும் வழி: தொற்றாநோய்ப் பிரிவு நர்ஸிடம் நோட்டில் அடுத்த தேதியை எழுதி வாங்கிவிடுங்கள். தேதி எழுதிய நோட்டு வீட்டில் இருந்தால் மருமகளோ பேரனோ நினைவுபடுத்துவார்கள்.

வீட்டில் இருப்பவர்கள், தோட்டத்து வேலையில் நேரத்தைத் தள்ளிவைக்க முடிந்தவர்கள், பிரசவத்தில் சுகர் வந்துபோன பெண்கள் இவர்களுக்கெல்லாம் என் ஓட்டு இங்கேதான். கர்ப்பத்தில் சுகர் வந்தவர் பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். 'அதுதான் போயிடுச்சுங்களே' என்று விடுகிறார்கள். வந்த வழியை அது மறக்காது.

## ஊர் டாக்டர்

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்து ஒன்பது வரை பார்ப்பவர். ஃபீஸ் இருநூறுக்குள். உங்கள் அப்பாரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர், அம்மாவின் பிபியைத் தெரிந்தவர். ஷிப்ட் முடித்து வருபவருக்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. ஆறாவது மாதத்திலும் அவர் அங்கேயே இருப்பார், தெருவில் பார்த்தால்கூடக் கேட்பார்.

குறை இரண்டு. ஒன்று, நேரம். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது சாப்பாடு பற்றி அவர் எவ்வளவு பேச முடியும்? 'அரிசியைக் குறைச்சுக்குங்க, நடங்க.' அவ்வளவுதான். இரண்டு, மாத்திரை இல்லாமல் வெளியே வந்தால் நமக்கே திருப்தி வராது. 'ஒண்ணும் எழுதலீங்ளே' என்று என் கடை வாசலில் டாக்டரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவரும் மனுஷர்தானே, எழுதிவிடுவார்.

மறைந்த செலவு, பதிவு இல்லாததுதான். துண்டுச் சீட்டில் எழுதுவார். அது என் கடைக்கு வருவதற்குள் சட்டைப்பையில் வியர்த்து மையெல்லாம் பரவியிருக்கும். போன வருடம் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் 'நூத்திப் பத்தோ என்னமோ'. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொண்டுபோங்கள். தேதி, சுகர், இடுப்பளவு, பிபி, நான்கே வரி. நோட்டை நீட்டினால் எழுதாத டாக்டரை நான் பார்த்ததில்லை.

வேறு மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்த வழிதான் நல்லது. வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி எடுப்பவருக்குச் சர்க்கரை ஏறும். அது பார்டரா, மருந்தின் வேலையா என்று உங்கள் முழுக் கதையும் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

## கோயமுத்தூர் போவது

அவினாசி ரோட்டில் இறங்கினால் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. வசதி வந்ததும் நம் ஆட்கள் முதலில் நினைப்பது இதைத்தான். 'பெரிய இடத்துல ஒருக்கா பாத்துட்டு வந்துட்டா நிம்மதிங்ணா.'

ஒருக்கா பார்ப்பது நல்லதுதான். டயட்டீஷியன் அரை மணி நேரம் உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதித் தருவார். கண், கால், கிட்னி எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனால் செலவு சீட்டில் இருப்பது மட்டும் இல்லை: ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, பஸ், மத்தியானச் சாப்பாடு. படுக்கையில் சேராமல் வெளிநோயாளியாகப் பார்ப்பதற்குக் காப்பீட்டில் பெரும்பாலும் பணம் வராது. இரண்டாம் தடவை 'அடுத்த வாரம் போலாம்' ஆகும். மூன்றாம் தடவை கிடையாது. பார்டருக்கு வேண்டியதே அந்த மூன்றாம் தடவைதான்.

பேக்கேஜ் சோதனைகளை நான் இதைவிடக் குறைவாக மதிக்கிறேன். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒரு மாப்பிள்ளை, கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு முகாமில் காசு கொடுத்து அறுபதுக்கு மேற்பட்ட சோதனை செய்துகொண்டு, கலர் பேப்பரில் புத்தகம் மாதிரி ரிப்போர்ட்டோடு வந்தார். ஹெச்பிஏ1சி 6.1 என்று சிவப்பில் இருந்தது. அடுத்து என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினதோடு சரியாம். இன்னொன்று: இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்களில் பலருக்கு அந்தச் சிக்கல் இருக்கும்போது அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிப் பயப்படவோ மாத்திரை ஆரம்பிக்கவோ கூடாது.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தயங்காமல் போக வேண்டியவர்களும் உண்டு. வயது குறைவு, உடம்பு ஒல்லி, கொஞ்ச நாளில் எடை இறங்கிக்கொண்டே வருகிறது, தாகம், இரவில் நான்கு தடவை எழுந்திருப்பது. இது பார்டர் கதை இல்லை; அன்றைக்கே போங்கள். வெறும் வயிற்று எண் ஒன்று சொல்ல ஹெச்பிஏ1சி வேறு சொன்னாலும், சர்க்கரையோடு கிட்னிக் கோளாறு இருந்தாலும் அப்படியே. மற்றவர்கள் ஒரு தடவை போய்த் திட்டம் எழுதி வாங்கிக்கொண்டு, மாதா மாதம் பார்ப்பதை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

## நானே பாத்துக்கறனுங்க

உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். நானும் கொஞ்ச நாள் இந்தக் கட்சியில் இருந்தேன்.

முதலில் மிஷின். என்னிடம் வாங்கினால் எனக்கு லாபம்தான், ஆனாலும் சொல்கிறேன்: விரலில் குத்தும் கருவியின் எண் 15 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்பது அதற்கென்றே வைத்திருக்கும் தர அளவு. உண்மையில் 118 இருப்பவருக்கு அது 100-ஐயும் காட்டலாம், 135-ஐயும் காட்டலாம். இன்சுலின் போடுபவருக்கு அது உயிர்த் துணை. பார்டரா இல்லையா என்று முடிவுசெய்ய உதவாது. 101 பார்த்துவிட்டு பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிடப் போனவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது சாப்பாடு. கம்பு, ராகிக்களி, சாமை எல்லாம் திரும்பி வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அரிசிச் சோறு சாப்பிட்ட அதே தட்டளவுக்குச் சாமைச் சோறு சாப்பிட்டால் என்ன மாறும்? மேலே சொன்ன ஐசிஎம்ஆர் ஆய்வின் 2025-ஆம் வருட உணவுக் கணக்கும் இதையே சொல்கிறது: இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றினால் மட்டும் ஆபத்து குறையவில்லை. அதில் ஒரு பங்கைப் பருப்பு, மோர், முட்டை, மீன் என்று மாற்றினால்தான் வித்தியாசம். நம் அரிசிம்பருப்புச் சோற்றில் அரிசியைக் குறைத்துப் பருப்பை ஏற்றுங்கள். கொள்ளுப் பருப்பு கடைந்தால் ரசத்தோடு நிறுத்தாமல் பருப்பையும் சாப்பிடுங்கள். சந்தகைக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மாதம் ஒரு நாள் போதும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்கு என்ன பெருமை இருந்தாலும், உடம்புக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். இதைச் சொன்னதற்காக ஒரு பெரியவர் என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

வீட்டிலேயே உருப்படியாகச் செய்யக்கூடியது மதிப்பெண் போடுவது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு உருவாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்ணுக்கு ஊசி வேண்டாம், ஒரு டேப் போதும். எனக்குப் போட்டுப் பார்த்தேன். வயது 47: 20. இடுப்பு 94 சென்டிமீட்டர்: 10. உடற்பயிற்சியும் இல்லை, உடம்பு நோகும் வேலையும் இல்லை: 30. அப்பாவுக்குச் சுகர்: 10. மொத்தம் 70. 60 தொட்டாலே அதிக ஆபத்து. நாள் பூராவும் நின்றுகொண்டே இருப்பதை உழைப்பு என்று நினைத்திருந்தேன். அது கணக்கில் வராதாம்.

60-க்குக் கீழே இருப்பவருக்கு, சோதனையும் நூறுக்குக் கீழே வந்தவருக்கு, இந்த வழி போதும். 60-ஓ அதற்கு மேலோ என்றால் சொந்த வைத்தியம் பாதி வழிதான்.

கூட்டாக நடக்கலாமே என்பார்கள். பிஏபி வாய்க்கால் கரையில் விடியற்காலை நடக்கும் மகளிர் குழு ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது, பேச்சுத்தான் அதிகம் கேட்கும். கேரளத்தில் 1,007 பேரை வைத்து அக்கம்பக்கத்தார் குழுக்களாக நடத்திப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. சுகர் கொஞ்சம் குறைந்தது, ஆனால் குழுவால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. குழுவில் நடங்கள், குழுவையே டாக்டராக்க வேண்டாம்.

## மாத்திரை இப்பவே வேணுங்களா?

எங்கே போனாலும் இந்தக் கேள்வி வரும். மேலே சொன்ன 2006 ஆய்வில் தினம் 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் 26.4 சதவீதம் ஆபத்தைக் குறைத்தது. நடையும் சாப்பாடும் 28.5, இரண்டையும் சேர்த்தால் 28.2. சேர்த்ததால் கூடுதல் லாபம் இல்லை. 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வில் 3,234 பேர். அங்கே வாழ்க்கைமுறை மாற்றம் 58 சதவீதம், மெட்ஃபார்மின் 31. மாத்திரை நன்றாக வேலை செய்தது குண்டான உடம்புக்காரர்களுக்கும், வயது குறைந்தவர்களுக்கும், கர்ப்பத்தில் சுகர் வந்த பெண்களுக்கும். அறுபது தாண்டியவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

விலை கூடிய மாத்திரை இல்லை, ஜெனரிக் என்றால் ரொம்பவே சல்லிசு. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், சோதித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் அட்டையில் பாதி வெட்டி வாங்கிச் சாப்பிடாதீர்கள். என்னிடம் கத்தரியை எடுத்துக் கொடுத்தே கேட்டிருக்கிறார்கள்.

தறி ஓட்டும் ஒரு அக்காவுக்குப் போன வருடம் வெறும் வயிற்றில் 114. பிஹெச்சிக்குப் போனால் கூலி போகும், ஊர் டாக்டரிடம் இரண்டு மணி நேரச் சோதனை கிடையாது. யோசித்துவிட்டு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள். அன்றைக்குத் தறி எப்படியும் ஓடாது. அந்த நாளில் வெறும் வயிற்றோடு போய்க் குளுக்கோஸ் குடித்து, வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, 162 என்று நோட்டில் எழுதி வாங்கி வந்தார். அதற்கப்புறம் இரண்டு முறை போய்விட்டார். முந்தாநாள் கடைக்கு வந்து, பேப்பரில் அடுத்த ஷட்டவுன் தேதி போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.